வளர்ற பிள்ளைதானே, பெரிசா வாங்கலாமா?

புதுத் தவணைக்குச் சாமான் வாங்கக் கிளம்பும் கொழும்புப் பெற்றோர் கேட்டவற்றில் சில.

கேள்வி (வெள்ளவத்தை): மகள் ஜனவரியில் தரம் 1க்குப் போகிறாள். பாடசாலை இன்னும் பட்டியல் தரவில்லை. காலி வீதிக் கடையொன்றில் கொப்பி, பென்சில், கலர் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே பொதியாக விற்கிறார்கள். பிறகு சனம் கூடிவிடும், இப்போதே வாங்கிவைக்கட்டுமா?

பதில்: பென்சில், அழிறப்பர், அடிமட்டம் வாங்கலாம். கொப்பியைத் தொடவேண்டாம். பொதியில் சிக்கல் கோடுதான். எழுத்துப் பழக ஒரு ஆசிரியர் இரட்டைக் கோடு கேட்பார், இன்னொருவர் கோடே இல்லாத கொப்பி கேட்பார். கணிதத்துக்குச் சதுரக் கோடு என்றால் பெரிய சதுரமா, சின்னச் சதுரமா என்பதும் வகுப்புக்கு வகுப்பு மாறும். பொதி கட்டுகிறவர் தன்னிடம் அதிகம் கிடப்பதைத்தான் போடுவார். அது பெரும்பாலும் ஒற்றைக் கோடு. பாடநூல்களையும் சேர்த்து விலை சொன்னால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அரச பாடசாலைகளுக்கு அவை 1980இலிருந்து இலவசம்.

பட்டியல் வந்தபிறகு, பக்கத்தைப் பாருங்கள். பக்கக் கணக்கில் 200 பக்கக் கொப்பி மலிவாகத் தெரியும். ஆனால் 80 பக்கக் கொப்பி ஏறக்குறைய 100 கிராம், 200 பக்கம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆறு வயதுப் பிள்ளை அதைப் பாதி நிரப்புமுன் மூலையெல்லாம் சுருண்டு மட்டை கழன்றுவிடும். பட்டியலில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் 80 போதும்.

கடையில் ஒரு கொப்பியை நடுவில் திறந்து பாருங்கள். கம்பி இரண்டும் உள்ளே நன்றாக மடிந்திருக்க வேண்டும். ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தால் நடுத்தாள் முதலில் கழரும், பிள்ளையின் விரலும் கிழியும். கடைசிப் பக்கத்தில் எச்.பி. பென்சிலால் ஒரு கோடு போட்டு இரண்டு தரம் அழித்துப் பாருங்கள். பஞ்சு போல நார் எழும்பினால் அந்தத் தாள் தரம் 1க்கு ஆகாது. அங்கே எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். பென்சிலை முனைப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். கரி மரத்தின் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் கட்டரில் சீவச்சீவ உடையும். பிள்ளை அழுத்தி எழுதுகிறது என்று பேச்சு வாங்கும், குற்றம் பென்சிலில்.

புறக்கோட்டை மலிபன் வீதியில் டசின் கணக்கில் வாங்கினால் குறையும், உண்மைதான். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போனால் இலாபம். ஒரு பிள்ளைக்கு எட்டுக் கொப்பி வாங்க ஓட்டோ பிடித்துப் போனால் மிச்சம் ஓட்டோவுக்கே சரி. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் பூட்டு.

கேள்வி (கொட்டாஞ்சேனை): போன வருடம் மலிவு விற்பனையில் மகனுக்கு இரண்டு அளவு பெரிதாகச் சப்பாத்து வாங்கி, பெட்டியோடு அலுமாரியில் வைத்தேன். இப்போது எடுத்தால் அடி பிஸ்கட் போல உதிர்கிறது. ஒருநாள்கூடப் போடவில்லை. எப்படி?

பதில்: அடி பொலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் நுரையாக இருந்திருக்கும். பாரம் குறைவு, மெத்தென்று இருக்கும் என்பதால் அதைப் போடுகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். கொழும்பின் புழுக்கத்தில், மூடிய பெட்டிக்குள், அது இன்னும் வசதியாக நடக்கும். போடாமல் வைத்தால் பழுதாகாது என்ற கணக்கு இங்கே செல்லாது. மலிவுக்கு வந்த சோடி கடையிலேயே நெடுநாள் கிடந்திருக்கவும் கூடும். சில அடிகளில் கடிகார முகம் போன்ற சின்ன வட்டமும் அம்புக்குறியும் அச்சாகியிருக்கும். அது வார்த்த மாதமும் வருடமும். அது இல்லையென்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி வந்தாலோ வைத்துவிடுங்கள். எடுத்துவைக்கத்தான் வேண்டுமென்றால் ரப்பர் அடி போட்ட கன்வஸ் நெடுநாள் தாங்கும்.

எடுத்துவைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆரம்ப வகுப்பு வயதில் பாதம் ஒரு வருடத்தில் ஒரு சென்றிமீற்றர் அளவில் வளரும். இங்கே கடைகளில் வழங்கும் இங்கிலாந்து அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். பிள்ளைகளின் எண் 13இல் முடிந்து மறுபடி 1இல் தொடங்கும். 13க்கு அடுத்த பெரிய அளவு 1 என்று தெரியாமல் குழம்புகிறவர்கள் உண்டு.

அளப்பது பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில். பாடசாலைக்குப் போடும் அதே சொக்ஸோடு, குதிகாலைச் சுவரில் முட்ட வைத்துத் தாளின்மேல் நிற்கவைத்து, நீளமான விரல் முடியும் இடத்தில் கோடு போடுங்கள். நீளமானது எப்போதும் பெருவிரலாக இராது. இரண்டு காலையும் அளந்து, பெரியதோடு 10 முதல் 12 மில்லிமீற்றர் கூட்டுங்கள். அதற்குமேல் இடம் விட்டால் குதி வழுக்கும். பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்து நடக்கும், படியில் தடுக்கும். சப்பாத்தும் மடியவேண்டிய இடத்தில் மடியாமல் வேறு இடத்தில் மடிந்து வெடிக்கும். உள்ளே போட்டிருக்கும் தட்டு கழரக்கூடியதென்றால் வெளியே எடுத்து அதன்மேல் பிள்ளையை நிற்கவைத்து, விரலுக்கு முன்னே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். கைப் பெருவிரலால் சப்பாத்தின் முனையை வெளியிலிருந்து அமுக்கிப் பார்ப்பதைவிட இது நம்பகம். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இதையே செய்யுங்கள்.

கேள்வி (தெஹிவளை): பேத்திக்குத் தோள் வலிக்கக்கூடாது என்று சில்லு வைத்த பை பார்த்திருக்கிறேன். நல்லதா?

பதில்: வகுப்பு மேல்மாடியில் என்றால் வேண்டாம், ஐயா. சில்லும் கம்பியும் சேர வெறும் பையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், படியில் அதைத் தூக்கத்தான் வேண்டும்.

பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் முதுகில் ஏறலாம் என்பது வழமையான மருத்துவ ஆலோசனை. 18 கிலோப் பிள்ளைக்கு 1.8 கிலோ. இதில் வெறும் பை 600 கிராம். 750 மில்லிலீற்றர் எவர்சில்வர் போத்தல் நிரம்பினால் ஒரு கிலோவைத் தாண்டும். கொப்பிக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இருநூறு கிராம்கூட மிஞ்சாது. ஆகவே பையைவிடப் போத்தலைக் குறையுங்கள்: 400 மில்லிலீற்றர், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக். பாடசாலையில் நல்ல தண்ணீர் இருந்தால் பாதி நிரப்பினால் போதும்.

பையில் பார்க்கவேண்டியது இரண்டு. தோள்வார் மேலே சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். அநேகமான பை பிய்வது அங்கேதான். சிப்பின் ஓடியைத் திருப்பினால் பின்னால் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும், அது சிப்பின் அளவு. பெரிய அறைக்கு 8 நல்லது. 5 பென்சில் அறைக்குச் சரி.

கேள்வி (மருதானை): இரண்டாம் வாரமே பையின் சிப் பல் விட்டுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கையை விரிக்கிறார்.

பதில்: குறையுள்ள பொருளைப் பற்றி முறைப்பாடு செய்ய அந்த வரி தடையல்ல. முதலில் பில்லோடும் பையோடும் போய் மாற்றித் தரவோ சிப்பை மாற்றித் தரவோ கேளுங்கள். மறுத்தால் கொழும்பு 2 வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லின் பிரதி, சிப்பின் படம், கடையில் என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்பது, இவ்வளவும் இருக்கட்டும். பில் கேட்டால் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. நடைபாதையில் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு கையில் இராது. அதையும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள். பொருளில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் கேட்டால் அதே சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அட்டையில் கட்டினால் மூன்று வீதம் கூட என்று சொல்லும் கடையைப் பற்றி, அட்டை தந்த உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள்.

கேள்வி (வத்தளை): தைத்த வெள்ளைச் சீருடை இரண்டு கழுவலில் குட்டையாகிவிட்டது.

பதில்: துணியைத் தையற்காரரிடம் கொடுக்குமுன் ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டு, காயவைத்து, அயன் பண்ணிக் கொடுங்கள். தனிப் பருத்தி என்றால் இது கட்டாயம்: இரண்டரை மீற்றர் 5 வீதம் சுருங்கினால் 12 சென்றிமீற்றருக்குமேல் போய்விடும். கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள், வெள்ளையில் பிரித்த தடம் தெரியாது. வளரும் பிள்ளைக்குப் பெரிதாய் வாங்கிவைக்கக்கூடிய இடம் இந்த மடிப்பு ஒன்றுதான்.