பத்து கேட்டீர்கள், மூன்று தருகிறேன்

கேள்வி: அறிவியல் புனைகதையிலும் ஃபேன்டஸியிலும் ஆங்கிலத்தில் புதிதாக வந்த பத்து நாவல்களைச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஒரு பட்டியலை நம்பி ஐந்து வாங்கினேன். மூன்றில் ஐம்பது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. பேசாமல் சுஜாதாவோடு நின்றுவிடலாமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நிற்க வேண்டாம். ஆனால் பத்தும் தர மாட்டேன். பத்து சொன்னால் அதில் ஏழு நான் படிக்காததாக இருக்கும். உங்கள் கையைச் சுட்ட பட்டியலும் அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும். ஜனவரி பிறந்ததும் 'இந்த ஆண்டு தவறவிடக்கூடாத நாவல்கள்' என்று வருகிறதே, அதில் பாதிப் புத்தகங்கள் அப்போது கடைக்கே வந்திருக்காது. பதிப்பகம் அனுப்பிய குறிப்பையும் அட்டைப்படத்தையும் வைத்து எழுதுகிறார்கள். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்து நானும் ஒரு தடித்த நாவல் வாங்கினேன். அது ஒரு வரிசையின் மூன்றாம் பாகம் என்று அட்டையில் எங்கும் போடவில்லை. யார் செத்தால் யார் ஏன் அழுகிறார்கள் என்றே புரியவில்லை. வாசகன் காசு கொடுத்து வாங்குகிறான் என்ற நினைப்பு கொஞ்சமாவது வேண்டாமா?

ஆகவே ஓராண்டு பொறுங்கள். அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் தரும் பெரிய விருதுகள் நெபுலாவும் ஹியூகோவும். நெபுலாவுக்கு ஓட்டுப் போடுபவர்கள் இந்த வகைக் கதைகளை எழுதுபவர்களே. ஹியூகோவுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள். இரண்டுமே முந்தைய ஆண்டு வெளிவந்த நூல்களுக்கானவை. அதற்குள் பலர் வாங்கி, படித்து, சண்டை போட்டு முடித்திருப்பார்கள். விருது பெற்றதை மட்டும் பார்க்காமல் இறுதிப் பட்டியல் முழுவதையும் பாருங்கள்.

இனி என் மூன்று.

முதலாவது வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. 2023இல் வந்தது, அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலாவை வாங்கியது. ஆசிரியர் கொழும்புக்காரர். குழந்தை பிறந்த கணத்திலேயே தாய் அதன் நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து, பிய்த்து எடுத்துவிடுகிறாள். நிழலில்லாத அந்தப் பிள்ளை ஒரே வேலைக்காக வளர்க்கப்படுகிறான்: மகானாகிவிட்ட தன் தகப்பனைக் கொல்ல. அவன் பெயர் ஃபெட்டர், தளை, அதாவது கால்விலங்கு என்று பொருள். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கும் அப்படித்தான் பொருள் சொல்வார்கள். இது தெரிந்தால் நாவலின் பாதிக் கதவு உங்களுக்குத் திறந்துவிடும்.

வளர்ந்த ஃபெட்டர் வேலையை உதறிவிட்டு லூரியாட் என்ற பெருநகரத்துக்குப் போகிறான். அங்கே வெகுநாள் மூடிக் கிடக்கும் கதவு ஒருநாள் திறக்க முடியாததாக மாறிவிடும். சுற்றிப் போய்ப் பார்த்தால் அதற்குப் பின்பக்கமே இருக்காது. தீர்க்கதரிசனத்தில் பெயர் வந்து, கடைசியில் தேர்ந்தெடுக்கப்படாமல் போனவர்கள் கூடிப் பேசி ஆறுதல் தேடும் ஒரு குழுவும் அங்கே உண்டு. 'நீயே அவன்' என்று நாயகனைத் தூக்கி நிறுத்தும் ஆயிரம் ஃபேன்டஸிகளுக்கு இந்த ஒரு குழுவே பதில். பிறகு வருகிறது முகாம். இனம், சாதி, நோய் என்று ஆட்களைப் பிரித்துப் பிரித்து அடைக்கும் முகாம். காவி உடுத்த அறம் கூட்டம் சேர்த்துத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஓர் இலங்கை எழுத்தாளர், பெரும்பான்மையின் மதத்தையே எடுத்துவைத்துக்கொண்டு கேட்கிறார். இலங்கையின் எண்பத்து மூன்று கலவரத்தைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்தப் பக்கங்கள் வேறு கனத்தில் வந்து இறங்கும். நான் இரண்டு இரவு தூங்கவில்லை.

முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை. நடை நிதானமானது. நூறு பக்கம் வரை கதை எங்கே போகிறது என்று பிடிபடாது. ஐம்பதில் மூடும் வழக்கத்தை இதற்கு மட்டும் விடுங்கள்.

விறுவிறுப்பு வேண்டுமென்றால் ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் 'தி டெயின்டட் கப்'. 2024இல் வந்து, 2025இல் ஹியூகோ வாங்கியது. துப்பறியும் கதை. மாளிகை ஒன்றில் ஓர் அதிகாரி செத்துக் கிடக்கிறார், அவர் உடலுக்குள்ளிருந்து ஒரு மரம் முளைத்து வெளியே வந்திருக்கிறது. துப்பறியும் அம்மாள் ஆனா, கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவள். கண்டதைக் கண்டபடி நினைவில் வைத்து அவளிடம் வந்து ஒப்பிப்பவன் டின். அவனுக்கு எழுத்தைப் படிப்பது பெரும்பாடு. மழைக்காலம்தோறும் கடலிலிருந்து ராட்சதப் பிராணிகள் கரையேறும், அவற்றைத் தடுக்கப் பெருமதில்கள். மதில் பராமரிப்பில் கைவைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதுவும் ஒரு வரிசையின் தொடக்கம்தான், ஆனால் கொலையின் முடிச்சு இந்த நூலிலேயே அவிழ்ந்துவிடுகிறது.

மூன்றாவது லாவண்யா லக்ஷ்மிநாராயணின் 'தி டென் பர்சென்ட் தீஃப்'. இந்தியாவில் 2020இல் வேறு தலைப்பில் வந்து, 2023இல் இந்தப் பெயரோடு வெளிநாடு போய், பிரிட்டனின் அறிவியல் புனைகதை விருதான ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியல் வரை சென்றது. களம் எதிர்காலப் பெங்களூர். உற்பத்தித் திறனை அளந்து மேலே 20 விழுக்காடு, நடுவில் 70, கீழே 10 என்று மனிதர்களைப் பிரித்துவைத்திருக்கிறது ஒரு கம்பெனி. கடைசிப் பத்துக்குச் சரிந்தால் தொழில்நுட்பம் முழுவதும் பறிபோகும். அலுவலகத்தில் ஆண்டு இறுதி மதிப்பீட்டுக்கு வயிறு கலங்கியவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது. சிறு சிறு கதைகளாகக் கோத்தது, பேருந்தில் படிக்கத் தோதானது.

சுஜாதாவைப் பற்றி ஒன்று. 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பயத்தில்தான் லூரியாட்டின் முகாமும் இருக்கிறது. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவை ரசித்த உங்களுக்கு இந்த மூன்றும் அந்நியமாகப் படாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் வாங்குங்கள், முதலில் சந்திரசேகர. முகாம் பகுதியை முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதன்பிறகு நான்காவதைச் சொல்கிறேன்.