ஆற்றோரப் பழைய ரயில் பாதை, வெறும் 6 கிலோமீட்டர்தான். 58 வயது அம்மாவைச் சைக்கிளில் கூட்டிப்போகலாமா?

அம்மாவைக் கேட்டீர்களா? கேள்வியில் அதைக் காணோம். தோட்டத்தில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவர், 20 வருஷமாகத் தொடவில்லை, மேடு இருந்தால் மூச்சு வாங்குமோ என்று எங்களைக் கேட்கிறீர்கள். எனக்கு 56. போன வருஷம் என் மகனும் இப்படித்தான், என்னை விட்டுவிட்டு அவன் மனைவியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். மற்றபடி படித்துவிட்டுப் போகிற ஆள் நான்.

மேடு இருக்காது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் ஓடுகிற சங்கதி. செங்குத்தாக ஏறினால் வழுக்கும். அதனால் பாதை போட்டவர்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போவார்கள். நடுவில் குன்று வந்தால் வெட்டுவார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டி உயர்த்துவார்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே ரயிலுக்கு அது ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். சாதாரண ரோட்டில் ஏறினால் அடுத்து ஓர் இறக்கம் வரும், காலைச் சும்மா வைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஆற்றின் மேல்பக்கம் போங்கள். திரும்பும்போது களைத்த காலுக்கு அந்தச் சரிவு உதவும்.

அப்புறம், "வெறும் 6" என்று சொல்லாதீர்கள். நம் மலேசியாவின் முதல் ரயிலே, 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் போனது, 13 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை.

என் அப்பா கம்பிச் சடக்கில் வேலை செய்தவர். முன்பு ஒரு பதிலில் இப்படி எழுதியதற்கு ஒருவர் வந்து "கம்பிச் சடக்கு தமிழே அல்ல, தண்டவாளம் என்று எழுதவும்" என்று பாடம் எடுத்தார். ஐயா, என் பாட்டி, அப்பா, பக்கத்து லயத்துத் தெலுங்குக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வெயிலில் அதற்குக் கல் கொட்டினவர்களுக்கு ஒரு பேர் வைக்கக்கூட உரிமை இல்லையா? "ரயில்" மட்டும் என்ன சங்ககாலச் சொல்லா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டவுனுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பழைய தடம் போகிறது. ஊர்ப் பேரைப் போட மாட்டேன். முன்னே யாரோ படம் பிடித்துப் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது சைக்கிள் வந்து இறங்க, தோட்டத்துக் காவல்காரர், எங்கள் பேச்சில் ஜாகா, ஒரு மாசத்துக்குக் கேட்டைப் பூட்டிவிட்டார். நாங்கள் போன அன்று கேட் திறந்துதான் இருந்தது, அத்துமீறல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஹெல்மெட்டும் போட்டிருந்தேன்.

பசியாறிவிட்டு ஏழு மணிக்கு நானும் என் நாத்தனாரும் கிளம்பினோம். தண்டவாளம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் கல் இன்னும் லாலாங் புல்லுக்கு அடியில் கிடக்கிறது. அதன் மேல் ஏறினால் கைப்பிடி நடுங்கிப் பல்லெல்லாம் ஆடுகிறது. அந்நியத் தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தேய்த்த ஒற்றைக் கோடு ஒன்று செம்மண்ணில் இருக்கிறது, ஒரு சாண் அகலம். அதை விட்டு விலகாமல் போனால் சுகம்.

இரண்டாவது கிலோமீட்டரில் பாலம். இரும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. தண்டவாளத்தைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளில் பாதி உளுத்துவிட்டன, இடையில் யாரோ பலகை போட்டிருக்கிறார்கள். இறங்கித் தள்ளினேன். சின்ன வயதில் அப்பா என்னை இப்படிப்பட்ட பாலத்தில் நடத்திக் கூட்டிப்போவார். "கீழே பார்க்காதே, அடுத்த கட்டையைப் பார்" என்பார். அப்படிப் போகும்போதுதான் பெரிய தாத்தா கதையும் வரும். ஜப்பான்காரன் காலத்தில் தம்பின்–மலாக்கா பாதையைப் பெயர்த்து, அந்தத் தண்டவாளத்தைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனான். எங்கள் பாதை தப்பியது. தாத்தாவின் அண்ணன் தப்பவில்லை, அங்கே பாதை போடப் பிடித்துப் போனார்கள். சயாம்–பர்மா ரயில் பாதையின் 415 கிலோமீட்டரில் எந்த மைலில் புதைத்தார்களோ, அப்பாவுக்கும் அதற்கு மேல் கதை கிடையாது.

இதை நினைத்துக்கொண்டே கீழே பார்த்துவிட்டேன். ஆறு தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர், நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. கால் பலகையில் சறுக்க, சிலிப்பர் கட்டை இல்லாத இடைவெளியில் என் கால் சிலிப்பர் விழுந்தது. இரண்டு தடவை மிதந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாத்தனார் பாலத்தின் நடுவிலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். பிறகு பாவம் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் கால் ஐந்து, என் கால் எட்டு.

திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மிச்ச நாலு கிலோமீட்டரும் ஒரு கால் வெறுங்காலாக, பெடலின் ரப்பர் முள் உள்ளங்காலில் கோடு போடக் கடைசி வரை போனேன். கல்யாணத்துக்கு முன்னால் விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டி, சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு ரப்பர் மரத்துக்கு மிதித்துப் போனவள் நான். உங்கள் அம்மாவின் காலும் அப்படிப்பட்டதாக இருந்தால் எதையும் மறந்திருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மகன் என் காலைப் பார்த்துவிட்டு "சொன்னேன்ல" என்றான். சோறு போடவில்லை, அவனே போட்டுச் சாப்பிட்டான்.

ஆகவே தம்பி, சீட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், ரொம்ப நாள் கழித்து ஏறுபவருக்கு இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். வார் உள்ள காலணி வாங்கிக்கொடுங்கள். மழைக்கு மறுநாள் போகாதீர்கள், அட்டை ஏறும். பாலத்தில் அவர் இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தால், அக்கரையில் நின்று "சீக்கிரம் வாம்மா" என்று கத்தாதீர்கள்.