கால்வாய்க்கரையில் சைக்கிள் – கடிதம்

வணக்கம் ஐயா,

பிரான்சின் மேற்கே, பிரெத்தாஞ் கால்வாய்க்கரையில் சைக்கிளில் போனது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கார் வராத பாதையில் நாட்கணக்காகப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறேன். தொண்ணூறுகளில், பெற்றோல் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடித்திரிந்தோம். இங்கே வந்தபிறகு உணவகத்துச் சமையலறை, ரயில், வீடு என்றே போய்விட்டது. பிரான்சின் கிராமங்களை நான் நெடுஞ்சாலையில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. இந்தக் கோடையில் அவளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது சைக்கிளில் போக ஆசை.

ஆனால் மூன்று யோசனை இருக்கிறது. உண்மையிலேயே வாகனம் வராதா? அடுத்தது, என்னோடு வேலைசெய்கிற பிரெஞ்சுக்காரர், “கால்வாயா? ஒரே தண்ணீர், ஒரே மரம், ஒரே நேர்கோடு. இரண்டாம் நாளே அலுத்துப்போகும். மலைப்பக்கம் போ” என்கிறார். கடைசியாக, தெற்கே எல்லோரும் சொல்கிற கனால் து மிடி என்ற கால்வாயில் தொடங்கலாமா, வேறு இடம் நல்லதா?

ம.,
பொண்டி

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொன்ன அலுப்பைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதல் நாள் பிற்பகலில் அலுப்பு வரத்தான் செய்யும். சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவரின் காது எப்போதும் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். லாரியா, காரா, ஒதுங்க இடம் உண்டா என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கால்வாய்க்கரையில் அந்தக் காவலுக்கு வேலை இல்லை. திடீரென்று கைக்கு வந்த அந்த ஓய்வை என்ன செய்வதென்று மனத்துக்குத் தெரியாது. பலரும் அதைத்தான் பாதையின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். இன்னும் ஒருநாள் பொறுத்துப் போனால் கண் தானாக வேலை செய்யத் தொடங்கும். சாம்பல் நாரை எத்தனை அடி தூரம் வரை பறக்காமல் நிற்கும் என்று தெரியவரும். நீரோரத்தில் பெரிய எலிபோல ஒன்று நீந்துமே, அது ரகோந்தான். ரோமத்துக்காகத் தென்னமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து வளர்த்தார்கள். தப்பிப் பெருகி, இன்று கரையையே துளைத்துச் சரிக்கிறது. உங்கள் மகள் அதை உங்களுக்கு முன்பே பார்த்துவிடுவாள்.

ஆனால் நான் கால்வாய்ப் பாதையை விரும்புவது பறவைக்காக மட்டும் அல்ல. நீங்கள் மிதித்துப்போகும் அந்தச் சமதளம் இயற்கை தந்தது இல்லை. ஒவ்வொரு முழமும் வெட்டிச் சமன் செய்யப்பட்டது. படகு மேடேறாது, ஆகவே நிலத்தின் ஏற்றத்தை எல்லாம் எக்லூஸ்களில், அதாவது இருபுறமும் கதவு வைத்துப் படகைத் தூக்கி இறக்கும் தொட்டிகளில், படிப்படியாக அடைத்துவைத்தார்கள். பாதையும் அந்த இடத்தில் மட்டும் சில அடி ஏறும். பிறகு அடுத்த எக்லூஸ் வரை சமம். அவை தள்ளித்தள்ளி வந்தால் சமவெளி. நெருங்கத் தொடங்கினால் மலைமுதுகு வருகிறது என்று பொருள். பிரெத்தாஞ்சில் ஓடும் நான்த் – பிரெஸ்ட் கால்வாயில் ரொஆன் ஊரில் இருந்து போன்திவி வரை சுமார் 25 கி.மீ.க்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட எக்லூஸ்கள் வருகின்றன. மலைப்பக்கம் போ என்றாராமே உங்கள் நண்பர், அந்த மலையை அங்கே மூச்சு வாங்காமல் எண்ணிக்கொண்டே ஏறலாம்.

ஏறி உச்சிக்கு வந்ததும் ஒரு கேள்வி எழவேண்டும். உச்சியில் தண்ணீர் எப்படி நிற்கிறது? கடந்துபோகும் ஒவ்வொரு படகும் ஒரு தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் போகிறது. இரண்டு பக்கமும் ஒழுகும் உச்சிக்கு ஓயாமல் நீர் ஊட்டவேண்டும். பிரெத்தாஞ்சில் அதற்காக பொஸ்மெலெயாக் நீர்த்தேக்கத்தில் இருந்து 60 கி.மீ.க்கும் மேல் நீண்ட ஒரு சிறு வாய்க்காலை மலைச்சரிவின் மடிப்புகளை ஒட்டியே வளைத்துவளைத்து இல்வேர்ன் என்ற உச்சி வரை கொண்டுவந்தார்கள். இன்று அதன் பெரும்பகுதி நடப்பவருக்கும் சைக்கிளுக்குமான பாதை. கால்வாயைவிட எனக்கு அந்த வாய்க்கால்தான் பிடிக்கும். ஏரிக்கு வரத்து வாய்க்கால் வெட்டிய ஊர்களில் இருந்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஆங்கிலேயக் கடற்படை கடலை மறித்து நின்ற காலத்தில், பிரெஸ்ட் துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகவே பொருள் அனுப்ப நெப்போலியன் போட்ட திட்டம் இது. 1811இல் தொடங்கினார்கள். 1842இல் முழுக் கால்வாயும் முடிந்தபோது நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. நீளம் 364 கி.மீ. க்லோமெல் என்ற இடத்தில் மேட்டைப் பிளந்து ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்கு ஓர் அகழி இருக்கிறது. 20 மீட்டருக்கும் மேல் ஆழம். 1823 முதல் 1832 வரை அதை வெட்டியவர்கள் பிரெஸ்ட் சிறையில் இருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று அதன் இரு சரிவிலும் மரம் அடர்ந்து நிழலாக இருக்கிறது. அங்கே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் ஓட்டப்போகும் பாதையும் உழைப்பின் தடம்தான். படகைக் கயிறு கட்டி இழுத்த குதிரை நடப்பதற்காகப் போட்டது அது. குதிரை வாங்க வழியற்ற படகுக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் தோளில் வாரைப் போட்டுக்கொண்டு தாங்களே இழுத்தார்கள்.

வாகனம் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘வுவா வேர்த்’, அதாவது பசுமைப் பாதை, என்று நீலப் பலகை இருந்தால், கார், லாரி, மோட்டார் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. 2004இல் இருந்து இது போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. கால்வாயைப் பராமரிக்கிறவர்களின் வண்டி எப்போதாவது வரலாம். ஆபத்து இருப்பது குறுக்கே சாலை வரும் இடங்களில். அங்கே நின்று வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். மணிக்கணக்காகக் கார் இல்லாமல் வந்த பிள்ளைக்கு அந்த ஒரு நொடியில் எச்சரிக்கை வராது. ஆகவே ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் காலை ஊன்றி நிற்பது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கரைக்குத் தடுப்பு கிடையாது. அவளுக்கு நீந்தத் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று, மீன்பிடிக்கிறவர்கள் நீளமான தூண்டில் கம்புகளைப் பாதைக்குக் குறுக்கே பின்னால் நீட்டி வைத்திருப்பார்கள். விலை மிகுந்த பொருள். தூரத்திலேயே மணியடித்து, வேகம் குறைத்து, ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே தொடங்குவது? கனால் து மிடியில் வேண்டாம் என்பேன். அதன் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. பியேர்-போல் ரிக்கே என்ற வரிவசூல் அதிகாரி, 1666இல் பதினான்காம் லூயியின் ஆணை பெற்று, தன் சொத்தையும் போட்டு வெட்டிய 240 கி.மீ. கால்வாய். 1681இல் அது திறந்தபோது அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவரிடம் வேலை செய்தவர்களுக்கு நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டு. நோரூஸ் என்ற உச்சியில், கறுப்பு மலையில் இருந்து வரும் நீர் இரண்டாகப் பிரிந்து ஒருபக்கம் அட்லாண்டிக்கையும் மறுபக்கம் மத்தியதரைக் கடலையும் நோக்கிப் போவதைக் கட்டாயம் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆனால் துலூஸில் இருந்து சுமார் 50 கி.மீ. வரைதான் பாதை நன்றாக இருக்கும். அதன்பின் வேர்களும் குழிகளுமான ஒற்றையடிப் பாதை பல இடங்களில் வரும். நிழலும் முன்புபோல் இல்லை. கரையில் நின்ற 42,000 பிளாத்தான் மரங்களிடையே பூஞ்சை நோய் பரவியிருப்பதை 2006இல் கண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு வந்திறங்கிய நோய் அது. ஆயிரக்கணக்கில் வெட்டி வேறு மரம் நட்டுவருகிறார்கள். ஜூலை வெயிலில் அந்த மொட்டைக் கரையில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஓட்டச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிரெத்தாஞ்சுக்கே போங்கள். பாரிஸில் இருந்து ரயிலில் ரெதோன். அங்கிருந்து மாலெத்ருவா 40 கி.மீ.க்குள்தான், முதல் நாளுக்கு அது போதும். அடுத்த நாள் ஜோஸ்லான். மூன்று கோபுரத்தோடு கோட்டை தண்ணீர் விளிம்பிலேயே எழுந்து நிற்கும், ரொஆன் பிரபு வம்சம் இன்னும் அதில் இருக்கிறது. பிறகு ரொஆன், நான் சொன்ன எக்லூஸ் படிக்கட்டு, போன்திவி. இந்தக் கால்வாயின் பெரும்பகுதி ஆறுகளைக் கட்டிச் சீர்செய்ததுதான். ஆற்றின் வளைவெல்லாம் அப்படியே இருப்பதால் நேர்கோடு என்ற குறை இங்கே பொருந்தாது. மேற்கே இன்னும் போனால் கால்வாயே அறுந்துவிடும். 1930இல் முடிந்த கெர்லெதான் அணை எக்லூஸ்களையும் வீடுகளையும் மூழ்கடித்துக் கால்வாயை இரண்டாக்கிவிட்டது. 2015இல் பராமரிப்புக்காக அணையை வடித்தபோது அவை சேற்றுக்குள் இருந்து மேலே வந்தன.

நீங்கள் மேற்கே போகாமல் போன்திவியில் தெற்கே திரும்பி, ப்லாவே ஆற்றங்கரைப் பாதையில் லோரியான் பக்கம் இறங்கலாம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666இல் தொடங்கிய துறைமுகம் அது. புதுச்சேரியில் ஏற்றிய துணி இறங்கிய இடம். எதிர்க்கரை போர்-லூயி கோட்டையில் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். லோரியானில் இருந்து பாரிஸுக்கு நேர் ரயில் உண்டு. அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், இடமும் கொஞ்சம்தான். பயணத் தேதியை அந்த இடம் கிடைப்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பாதை பெரும்பாலும் இறுக்கிய மணல். மெல்லிய டயர் வேண்டாம், மட்கார்ட் வேண்டும், மழை பெய்யாத வாரம் அங்கே அபூர்வம். சிற்றூர்க் கடைகள் நண்பகலில் மூடிவிடும், பேக்கரி பல ஊர்களில் திங்களன்று திறக்காது. ஞாயிறு காலையிலேயே ரொட்டி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அநேகமாக எல்லா ஊரிலும் அங்கே ஒரு குழாய் இருக்கும். இரவுக்கு நகராட்சி முகாம்களில் கூடாரம் போடுவது மலிவு. கூரை வேண்டுமென்றால் ‘அக்கேய் வெலோ’ என்று எழுதியிருக்கும் விடுதிகளில் சைக்கிளைப் பூட்டிவைக்க இடம் தருவார்கள்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைகளை எல்லாம் கட்டிக்கொண்டு, உங்கள் பொண்டி வழியாகவே ஓடும் ‘ஊர்க்’ (Ourcq) என்ற பெயருடைய கால்வாயின் கரையில் ஏறிவிடுங்கள். பாரிஸுக்குத் தண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் ஆணையிட்ட கால்வாய் அது. செவ்ரானில் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலைக் காட்டைக் கடந்து க்லே-சூயி வரை பாதை நன்றாக இருக்கிறது, போக ஏறத்தாழ 20 கி.மீ. பை எங்கே உரசுகிறது, இருக்கை எவ்வளவு உயரம் வேண்டும், மகள் எத்தனை கி.மீ.க்குப் பிறகு பேச்சைக் குறைக்கிறாள் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் என்று முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.