கணக்கு வாத்தியார் பதில்கள்: உறைகிணற்றுக்கு மூடி

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு உறைகிணற்றுக்குக் கம்பி வலை மூடி போட வேண்டும். பட்டறைக்காரர் விட்டம் கேட்கிறார். கிணற்றின் நடுப்புள்ளியோ அந்தரத்தில் இருக்கிறது, எப்படி அளப்பது? வெளிச்சுற்றை டேப்பால் அளந்தேன், 440 செ.மீ. உறையின் கனம் 5 செ.மீ. தண்ணீர் 2 மீட்டர் நிற்கிறது. அது எத்தனை லிட்டர்?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: நடுப்புள்ளியை விட்டுத்தள்ளுங்கள் அம்மா. சுற்றளவு கையில் இருக்கிறதே, அது போதும். அதை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்: 140 செ.மீ. சந்தேகம் இருந்தால் டேப்பின் ஒரு நுனியை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எதிர் விளிம்பில் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எங்கே அளவு அதிகமாகக் காட்டுகிறதோ அதுதான் விட்டம். இரண்டு மூன்று திசைகளில் பாருங்கள். சிமெண்ட் உறைகள் எல்லாம் அச்சு அசல் வட்டமாக இருப்பதில்லை.

பட்டறையில் 140 என்றே சொல்லுங்கள். உள்விட்டத்தைச் சொன்னால் மூடி உறைமேல் உட்காராது, கிணற்றுக்குள் போய்விடும்.

தண்ணீருக்கு மட்டும் உள்விட்டம். இரண்டு பக்கமும் கனத்தைக் கழிக்க வேண்டும், ஒரு பக்கம் அல்ல. ஆக 130. உள்சுற்று ஏறக்குறைய 408. இனி, கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் சொல்லும் வழி: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு. 204 × 65 = 13,260 சதுர செ.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த πr² இதேதான். தோசையை நடுவிலிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்றைத் தலைகீழாகவும் அடுத்ததை நேராகவும் மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் ஆரம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், எதற்கு எதைப் பெருக்குகிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, அதை ஆழம் 200-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் 2,652 லிட்டர்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. புதிதாக உறை இறக்குகிறவர்கள் 3 அடிக்கும் 4 அடிக்கும் ஒரு அடிதானே வித்தியாசம் என்று நினைத்துவிடுகிறார்கள். விட்டத்தின் வர்க்கத்தைப் பாருங்கள்: 9-க்கு 16. அதே ஆழத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. தோண்டுகிற மண்ணும் அதே விகிதத்தில் கூடும், கூலி பேசும்போது மறக்க வேண்டாம்.

கேள்வி: π என்பது 22/7-ஆ, 3.14159-ஆ? மகன் கால்குலேட்டரைக் காட்டிச் சண்டை போடுகிறான்.
- வாசகர், தேனி

பதில்: மகன் பக்கம்தான் நியாயம் அதிகம். 22/7 கொஞ்சம் கூடுதல். ஆனால் மேலே சொன்ன 140 செ.மீ. வட்டத்தின் சுற்றளவில் அதனால் வரும் பிழை 2 மில்லிமீட்டர்கூட இல்லை. டேப் தளர்ந்தாலே அதைவிட அதிகம் தவறும். பின்னமாகத்தான் வேண்டும் என்றால் 355/113 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு தசம இடம் வரை சரியாக வரும்.