கேளுங்கோ, சொல்லுறன்: சோகிக்கு வித்த மனுசர்

கேள்வி: அக்கா, பிரிட்டன் பணக்கார நாடானது யந்திரத்தாலயும் புத்தியாலயும் எண்டு டியூசன்ல படிச்சனாங்கள். அடிமை வியாபாரம் அங்கால அத்திலாந்திக் கடல்ல நடந்ததுதானே, அது பிரிட்டனுக்கு உள்ள என்னத்தை மாத்தினது? எங்களுக்கும் அதுக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?
(உயர்தர மாணவன், உவர்மலை)

பதில்: தம்பி, கடசிக் கேள்வியில இருந்தே வாறன். கோட்டை வாசலால கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க கடை வழிய சோகி மாலை தொங்குமெல்லோ, சில ஊரில சோழி எண்டுவினம், ஒண்டைக் கையில எடுத்துப் பாருங்கோ. பெருவிரல் நகமளவுதான், முதுகு மினுங்கும், வயித்துப் பக்கம் பல்லுப் பல்லா ஒரு வெடிப்பு. எங்கட அம்மம்மா இதைப் போட்டுத்தான் தாயம் விளையாடினவ. மேற்கு ஆபிரிக்காவில அந்தக் காலம் அதுதான் காசு. மாலைதீவில பொறுக்கி, இலங்கைக்கும் வங்காளத்துக்கும் கொண்டுவந்து, அங்கயிருந்து கப்பலின்ர அடியில பாரத்துக்குப் போட்டு லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஏத்தி, அங்க ஏலம் விட்டு, ஏலத்தில எடுத்தவன் ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய் அதைக் குடுத்து மனுசரை வாங்கினவன். 18ஆம் நூற்றாண்டில மட்டும் 1,000 கோடிச் சோகிக்குக் கிட்டப் போயிருக்கு. சோழமண்டலக் கரையில நெய்த நீலத் துணியும் அதே வேலைக்குத்தான் போனது. இது தெரிஞ்சதுக்குப் பிறகு அம்மம்மான்ர சோகிப் பெட்டியைத் திறக்கவே எனக்கு மனம் வாறேல்ல.

சரி, பிரிட்டனுக்கு உள்ள. ஆபிரிக்க வியாபாரத்துக்குத் தனியுரிமை குடுத்து 1672இல தொடங்கின ரோயல் ஆபிரிக்கன் கம்பனிக்குத் தலைவரா இருந்தவர் இங்கிலாந்து ராசான்ர தம்பி ஜேம்ஸ், பிறகு அவரே ராசாவானார். 1698இல கம்பனியின்ர தனியுரிமை போக, பிரிஸ்டல், லிவர்பூல் வியாபாரியள் எல்லாம் உள்ள இறங்கிட்டினம். கினி எண்ட தங்கக் காசுக்குப் பேர் வந்ததே ஆபிரிக்காவின்ர கினிக் கரையால. மொத்தமா பிரிட்டிஷ் கப்பல்களில ஏத்தினது கிட்டத்தட்ட 31 லட்சம் பேரை, உயிரோட இறங்கினது 27 லட்சம் பேர்தான், மிச்சம் 4 லட்சத்தையும் கடல் தின்டிட்டுது.

அந்த ஆக்கள் ஜமெய்க்காவிலயும் பார்படோஸிலயும் கரும்பு வெட்டின சீனி ஒவ்வொரு ஆங்கிலேயன்ர குசினிக்குள்ளயும் போனது. 1700 அளவில ஆளுக்கு வருசத்துக்கு 4 இறாத்தல் சீனி, 1800 அளவில 18 இறாத்தல். தேயிலை சீனாவில இருந்து, சீனி அடிமையின்ர கையால, ரெண்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள்ள சந்திச்சது.

பிறகு இன்சூரன்ஸ். லண்டனில லொயிட்ஸ் எண்ட கோப்பிக் கடையில கப்பல் ஆக்கள் கூடிக் கதைச்சதில வளர்ந்த தொழில் அது. 1781இல சோங் எண்ட கப்பலில தண்ணி காணாது எண்டு சொல்லி 130க்கு மேல ஆக்களை உயிரோட கடலுக்குள்ள தூக்கிப் போட்டாங்கள், பிறகு கப்பலின்ர லிவர்பூல் முதலாளிமார் இன்சூரன்ஸ்காரரிட்ட தலைக்கு 30 பவுண் கேட்டு வழக்கு வைச்சாங்கள். கொலை வழக்கில்ல தம்பி, சரக்கு நட்ட வழக்கு! 1783இல ஜூரி முதலாளிமாருக்கே தீர்ப்புக் குடுத்தது, மறுவிசாரணைக்கு இடம் குடுத்தது பிறகுதான்.

அடிமை வியாபாரம் ஒண்டுதான் பிரிட்டனைக் கட்டினது எண்டு நான் சொல்ல மாட்டன், நிலக்கரி இருந்தது, நல்ல கைவினைஞர் இருந்தவை. ஆனா அதை விட்டிட்டு அந்தக் கதையைப் படிப்பிக்கிறது அரைக் கதை.

கேள்வி: அடிமை முறையை முதல்ல ஒழிச்சதும் பிரிட்டன்காரங்கள்தானே, அதை ஏன் ஒருத்தரும் சொல்லுறேல்ல?
(வாசகர், உப்புவெளி)

பதில்: முதல்ல இல்லை ஐயா. ஹெயிட்டியில அடிமையா இருந்தவையே சண்டை பிடிச்சு 1804இல தனிநாடு எடுத்திட்டினம். பிரிட்டன் 1807இல வியாபாரத்தை நிப்பாட்டினது, 1833இல அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. நட்டஈடு 2 கோடிப் பவுண், முழுக்க அடிமை வைச்சிருந்த முதலாளிமாருக்கு, அடிமையா இருந்தவைக்கு ஒரு சதமும் இல்லை. அதுக்கு எடுத்த கடனைக் கட்டி முடிச்சது 2015இல.

இன்னொண்டு. அந்த 1833 சட்டத்திலயே, கிழக்கிந்தியக் கம்பனியின்ர நிலங்களுக்கும் இலங்கைக்கும் அத்திலாந்திக்கில இருக்கிற செயிண்ட் ஹெலினா தீவுக்கும் இது செல்லாது எண்டு எழுதியிருக்கு. யாழ்ப்பாணத்தில எங்கட ஆக்களே எங்கட ஆக்களை அடிமையா வைச்சிருந்த காலம் அது. இஞ்ச அடிமை முறையை ஒழிச்ச சட்டம் வந்தது 1844இலதான்.