ரோமானியப் படை கட்டுப்பாட்டுக்குப் பெயர் போனதாயிற்றே, அதில் கலகமே நடந்ததில்லையா?

நிறைய நடந்திருக்கிறது. ஜூலியஸ் சீசரின் சொந்தப் படையே கி.மு. 47-இல் "சொன்ன பரிசு எங்கே, எங்களை வீட்டுக்கு அனுப்பு" என்று முரண்டு பிடித்தது. ஆனால் ரோமானியச் சிப்பாய்க்கு என்னதான் குறை என்று தெரிய வேண்டுமானால், முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் இறந்த கி.பி. 14-ஐப் பார்க்க வேண்டும். பன்னோனியாவில் (டான்யூப் நதியை ஒட்டிய மாகாணம்) மூன்று லீஜியன்கள், அதாவது ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள்; ரைன் நதிக்கரையில் நான்கு. ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பின.

பன்னோனியாவில் தூபம் போட்டவன் பெர்சென்னியஸ். படைக்கு வருவதற்கு முன்னால் நாடகக் கொட்டகையில் கைதட்டும் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன். கூட்டத்தை உசுப்புவது கைவந்த கலை. அவன் பேச்சில் சக்கரவர்த்தியைக் கவிழ்ப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்கத் தொழிற்சங்கக் கோரிக்கைதான். நாளுக்கு 10 அஸ் (செப்புக்காசு) கூலி. அதிலேயே துணி, ஆயுதம், கூடாரத்துக்குப் பிடித்தம். வேலையிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் செஞ்சூரியனுக்கு (சிப்பாய்களை மேய்க்கும் அதிகாரி) லஞ்சம். 30, 40 ஆண்டு உழைத்த கிழவனுக்கு நிலம் என்ற பெயரில் சதுப்பும் பாறையும். எங்களுக்கு நாளுக்கு ஒரு டெனாரியஸ் வெள்ளிக்காசு (அதாவது 16 அஸ்) கொடு, 16 ஆண்டோடு விட்டுவிடு, இவ்வளவுதான்.

லூசிலியஸ் என்றொரு செஞ்சூரியன். அடித்து அடித்துத் திராட்சைக்கொடிப் பிரம்பை முதுகிலேயே முறிப்பாராம். முறிந்ததும் "இன்னொன்று கொண்டா" என்று கத்துவாராம். சிப்பாய்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். கலகத்தில் முதலில் தீர்த்துக்கட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர். விபுலேனஸ் என்பவன் "என் தம்பியைக் கொன்றுவிட்டார்கள்" என்று மாரடித்து அழுது, தளபதி பிளேசஸின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தான். அப்புறம் விசாரித்தால் அவனுக்குத் தம்பியே கிடையாது!

புதுச் சக்கரவர்த்தி திபேரியஸ் தன் மகன் துரூசஸை அனுப்பினார். அன்றிரவு சந்திர கிரகணம். நிலா மங்கியதும் சிப்பாய்கள் பித்தளையைத் தட்டி, எக்காளம் ஊதிப் பார்த்தார்கள். மேகம் மூடியதும் தெய்வ குற்றம் என்று நடுங்கிப்போனார்கள். துரூசஸ் அந்த பயத்தைப் பிடித்துக்கொண்டு, பெர்சென்னியஸ், விபுலேனஸ் இருவரையும் கொன்று கதையை முடித்தார்.

ரைன் பக்கம் தளபதி, திபேரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ். இவரைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கென்னவோ சொதப்பினார் என்றுதான் படுகிறது. கிழட்டுச் சிப்பாய்கள் முத்தமிடுவது போல அவர் கையைப் பிடித்து வாய்க்குள் விட்டு, பல்லில்லாத ஈறைத் தடவிக் காட்டினார்கள். இவரோ "செத்துவிடுவேன்" என்று வாளை உருவினார். "இது இன்னும் கூர்மை" என்று கலுசிடியஸ் என்ற சிப்பாய் தன் வாளை நீட்டினான்! கடைசியில் திபேரியஸ் பெயரில் பொய்க் கடிதம் தயாரித்து, 20 ஆண்டு முடித்தவனுக்கு விடுதலை, 16 முடித்தவனுக்கு மற்ற வேலைகளிலிருந்து விலக்கு, அகஸ்டஸ் உயிலில் எழுதிவைத்த பணம் இரட்டிப்பு என்று ஒப்புக்கொண்டார். அதற்கும் அடங்காத வெட்டெரா முகாமில், கலகக்காரர்களைச் சக சிப்பாய்களே கூடாரம் புகுந்து வெட்டினார்கள். முந்தைய வேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

சரி, கேட்டது கிடைத்ததா? கி.பி. 15-இலேயே 16 ஆண்டுச் சலுகையைத் திபேரியஸ் ரத்து செய்துவிட்டார். அடிப்படைச் சம்பளம் கூடியது சக்கரவர்த்தி டொமிஷியன் காலத்தில், ஏறக்குறைய 70 ஆண்டு கழித்து. அப்போதும் அது அந்த ஒரு டெனாரியஸை எட்டவில்லை.