அவளே வாங்கிக்கொண்டாள்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புக்கான தொடக்கக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். எச்2 என்ற விரிவான பாடப்பிரிவில் கணிதம் எடுத்திருப்பதால், வரைபடம் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் வேண்டுமாம். கல்லூரியில் டிஐ-84 பிளஸ் சிஇ வாங்கச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 200 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது. என் கணவரோ காசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 அதைவிட மேல் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, மருமகனுக்குத் தன் பரிசாக டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் கேஸ் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். மூத்தவள் இதே கல்லூரியில் படித்தபோது பயன்படுத்திய பொருள்களை விற்கும் கரோசெல் இணையதளத்தில் பழைய டிஐ-84 பிளஸ் ஒன்றை அவளே வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் இருப்பதால் அது அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அது கறுப்பு வெள்ளைத் திரை. எங்களுக்கு ஒரே பையன். கணக்கு என்றால் கொஞ்சம் பயப்படுகிறவன். எதை வாங்குவது?
— ஒரு தாய், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தொடக்கக் கல்லூரிகளில் பாடம் தொடங்கிய சில வாரங்களுக்குள் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது. எச்1, எச்2 என்ற பாடப்பிரிவுகள் 2006-இல் வந்த நாளிலிருந்து இந்தக் கருவி கணிதப் பாடத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அந்தக் காலத்தில் வகுப்பில் நின்று கற்பித்தவள் என்ற முறையில், நீங்கள் கேட்டதற்கு முதலில் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் தம்பியின் பரிசு வேண்டாம். பெயரின் முடிவில் 'கேஸ்' என்று இருக்கும் கால்குலேட்டர் இயற்கணிதத்தைத் தானே செய்துமுடித்துவிடும். கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னாலும் வகையிடச் சொன்னாலும் எண்ணாக அல்லாமல், எழுத்துகளோடு கூடிய விடையாகவே திரையில் காட்டும். அமெரிக்காவில் ஏபி கால்குலஸ் தேர்வுக்கு அதை எடுத்துச் செல்லலாம் என்பதால் உங்கள் தம்பி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் எச்2 கணிதத்தின் பாடத்திட்டம் அந்த வசதி இல்லாத கால்குலேட்டரையே எதிர்பார்க்கிறது. அவர் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் காசியோவும் கல்லூரி சொல்லும் டிஐயும் இந்தப் பாடத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் செய்யும். முன்னதற்கு நான்கு ஏஏஏ பேட்டரிகள் போட வேண்டும், பின்னதைக் கைப்பேசியைப்போல் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பதைத் தவிர, பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு வேறுபாடு எதுவும் இல்லை. வகுப்பில் ஆசிரியர் திரையில் காட்டிக் கற்பிப்பது எது என்பதே முக்கியம். இரண்டு வளைவரைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் காண, 'செகண்ட், டிரேஸ், ஐந்து' என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பிலுள்ள அத்தனை விரல்களும் அந்த மூன்று விசைகளை அழுத்தும்போது, வேறு கருவி வைத்திருக்கும் ஒரு பிள்ளை மட்டும் தன் கருவியில் அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான். அவன் கண்டுபிடிப்பதற்குள் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். கணக்குக்குப் பயப்படுகிற பையனை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 'அவளே வாங்கிக்கொண்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு வாங்கப்போகும் கருவியின் விலை உங்களுக்குத் தெரிகிறது. அதன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன விலைக்கு வாங்கினாள் என்பது கடிதத்தில் இல்லை, அது உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். இல்லாமல் தேர்வு எழுதவே முடியாத ஒரு பொருளைப் பதினேழு வயதுப் பெண் தானாகத் தேடி, முன்பின் தெரியாத ஒருவரிடம் விலை பேசி, எம்ஆர்டி ரயில் நிலையத்திலோ எங்கேயோ போய் நின்று, விசைகள் வேலை செய்கின்றனவா என்று அழுத்திப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். அந்தப் பணம் பொங்கலுக்குக் கிடைத்ததா, சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிச் சேர்த்ததா, சாப்பாட்டுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்ததா? அன்றைக்கு அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு உங்கள் கணவர் இரண்டு நிறுவனங்களின் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்தாரா? இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதினீர்களா? மகனுக்குப் பரிசு அனுப்பத் துடிக்கும் உங்கள் தம்பிக்கு அவளும் மருமகள்தானே? நம் குடும்பங்களில் தாய்மாமன் சீர் முதலில் மருமகளுக்குத்தான் வரும். அது நகையும் பட்டும் மட்டும்தான் என்று யார் சொன்னது? 'ஒரே பையன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவளும் உங்களுக்கு ஒரே பெண்தான். கேட்காமலே சமாளித்துக்கொள்கிற பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட்டு, அந்தப் பெருமையையே சாக்காக வைத்து அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் அந்தப் பிள்ளை மூத்த பெண்ணாகவே இருக்கிறாள். படிப்புக்கு வேண்டியதை வாங்கித் தருவது பெற்றோரின் கடன். பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு மாதிரி, தைரியமான பிள்ளைக்கு ஒரு மாதிரி என்று அந்தக் கடன் மாறுவதில்லை.

அந்தக் கால்குலேட்டர் 'சும்மாதான் கிடக்கிறது' என்பதையும் நான் ஏற்கவில்லை. அது அவளுடைய பொருள், அவள் வைத்த இடத்தில் இருக்கிறது. அதை எடுத்து மகனிடம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

ஆனால் அது போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். திரை கறுப்பு வெள்ளைதான். அகலத்தில் 96 புள்ளிகள், உயரத்தில் 64 புள்ளிகள், அவ்வளவுதான். ஆயினும் விசைகளும் பட்டியல்களும் பெரும்பாலும் சிஇயில் இருப்பவையே என்பதால் ஆசிரியர் சொல்வதை அப்படியே பின்பற்றலாம். புள்ளியியலில் வரும் ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், உடன்தொடர்புப் போக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு கோடுகளை நிறம் பிரித்துக் காட்டாதே தவிர, டிரேஸ் விசையை அழுத்தினால் எந்தச் சமன்பாட்டின் மேல் நிற்கிறோம் என்பது திரையின் மேல்பகுதியில் தெரியும். தேர்வுத்தாளில் வரைபடத்தை எப்படியும் கையால்தான் வரைந்து காட்ட வேண்டும். உங்கள் மகன் தேர்வு எழுதும் ஆண்டுக்கு, சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் வெளியிடும் அனுமதிப் பட்டியலில் அந்த மாதிரியின் முழுப்பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநாள் கிடந்த கருவி என்பதால் பின்மூடியைத் திறந்து, பேட்டரி கசிந்து சுருள்கம்பிகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கருவியைவிடப் பெரிய செல்வம் உங்கள் மகளின் விரல்களில் இருக்கிறது. தேர்வுக்கு முன் கால்குலேட்டரின் நினைவகத்தை அழித்தாக வேண்டும். 'செகண்ட்', கூட்டல் விசை, 7, 1, 2 என்று அழுத்தினால் 'ரேம் கிளியர்டு' என்று திரை சொல்லும். அத்தோடு, மாணவர் இரண்டு ஆண்டுகளாகப் பழக்கி வைத்திருந்த அமைப்புகளும் போய்விடும். கோணம் ரேடியனுக்குத் திரும்பிவிடும். வரைபடச் சாளரம் −10 முதல் +10 வரை என்ற பழைய அளவுக்கு வந்துவிடுவதால் அதற்கு வெளியே வெட்டும் கோடுகள் கண்ணில் படாது. உடன்தொடர்புப் போக்குக் கணக்கைப் போட்டால், அந்தப் பழைய மாதிரியில் கோட்டின் சமன்பாட்டுக்கான ஏயும் பியும் வரும், கேள்வி கேட்கும் ஒட்டுறவுக் கெழுவான ஆர் வராது. கேட்டலாக் பட்டியலுக்குப் போய் 'டயக்னாஸ்டிக் ஆன்' என்பதைத் தேர்ந்தால்தான் வரும். இதை அறியாத ஒரு மாணவி, ஆர் எங்கே போயிற்று என்று அதே எண்களை மூன்று முறை திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்ததைப் பயிற்சித் தேர்வு ஒன்றில் பார்த்திருக்கிறேன். அவளுடையது விலை குறைந்த கருவியும் அல்ல. அதேபோல் எதிர்க்குறிக்கு ஒரு விசை, கழித்தலுக்கு வேறு விசை. புதிய வரியைக் கழித்தல் விசையில் தொடங்கினால், முந்தைய விடையிலிருந்து கழிக்கச் சொல்வதாகக் கருவி எடுத்துக்கொண்டு வேறொரு எண்ணைக் கொடுக்கும். பயந்த பிள்ளை அந்த எண்ணை நம்பி எழுதிவிடுவான். மூன்று மணி நேரம் வீதம் இரண்டு தாள்களை எழுதி முடித்த உங்கள் மகளுக்கு இவையெல்லாம் கைப்பழக்கம். எந்தக் கடையிலும் இது பெட்டியோடு வராது.

பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கால்குலேட்டரில் கண்ட விடையை அப்படியே எழுதலாம் என்பது பொது விதி. கேள்வியே வழிமுறை கேட்டால் மட்டும் படிகளைக் கணிதக் குறியீட்டில் காட்ட வேண்டும். ஆனால் வழிமுறை எழுதாமல் விடை தவறிப்போனால் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது. எனவே எந்தச் சமன்பாட்டைக் கருவியில் இட்டான், எந்த வரைபடத்தைப் பார்த்தான் என்பதைத் தாளில் எழுதப் பழக வேண்டும். அவன் எழுதியதை வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

அதனால்தான் அவளிடம் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது. 'தம்பிக்குக் கொடுத்துவிடு, சொல்லியும் கொடு' என்று அவள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டாதீர்கள். இன்று இரவு அவள் வீடு திரும்பியதும், நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து, அதை என்ன விலைக்கு வாங்கினாள், பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவள் சொல்லும் தொகையை அவள் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று மறுத்தாலும் கொடுங்கள். அது கால்குலேட்டருக்கான விலை அல்ல, அன்றைக்கே நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய பணம் என்பதையும் வாய்திறந்து சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மகன் போய்க் கேட்கட்டும். 'அக்கா, உங்கள் கால்குலேட்டரைத் தருகிறீர்களா, எனக்குச் சொல்லித்தர நேரம் இருக்குமா?' என்று அவனே கேட்க வேண்டும், நீங்கள் அருகில் நிற்கக் கூடாது. அவள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னால் அவன் அந்த நேரத்துக்குத் தவறாமல் உட்கார வேண்டும். அன்றைக்கு அவள் செய்யும் வீட்டு வேலை எதுவோ அதை அவன் செய்ய வேண்டும்.

அவள் தர முடியாது என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்காதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். கல்லூரி சொன்ன டிஐ-84 பிளஸ் சிஇயை வாங்கிக் கொடுங்கள். அவளுடையது அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.